வினைல் பொம்மைக்கு வண்ணம் தீட்ட: கோலாலம்பூர் பிளாட்டில் நான் பட்ட பாடும் ஆன செலவும்

என் முதல் பொம்மை இன்னும் ஒட்டுகிறது. தீட்டி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, இப்போதும் விரலை வைத்தால் ரேகை பதியும், வைத்த அலமாரித் தாளோடு சேர்ந்து வரும். அக்கா மகனின் பிறந்தநாளுக்குக் காவடி எடுக்கும் பையனாகத் தீட்டிக் கொடுக்கலாம் என்று வாங்கியது அது. கடைசியில் அவனுக்குக் கேக் மட்டும்தான் கிடைத்தது.

காணொளிகள் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். எடுத்தவர்கள் எல்லாரும் குளிர் நாட்டுக்காரர்கள். கார் நிறுத்தும் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பிரே அடிக்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. நான் இருப்பது செந்தூலில் பதினோராவது மாடி, துணி காயப்போடும் பால்கனி ஒன்று, சாயங்காலமானால் இடியோடு மழை. அதனால் கீழே இருப்பது நம் ஊருக்கு, நம் பிளாட்டுக்கு ஏற்ற முறை. விலையெல்லாம் நான் கொடுத்த கணக்கு, கடைக்குக் கடை இரண்டு மூன்று வெள்ளி (ரிங்கிட்) கூடும் குறையும்.

1. வாங்கும் முன் அழுத்திப் பாருங்கள்

'வினைல் பொம்மை' என்று விற்பதெல்லாம் வினைல் இல்லை. பேர்பிரிக் கரடிகள் ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்; நகத்தால் தட்டினால் டக்டக் என்று கேட்கும். மன்னி (தீட்டுவதற்கென்றே வரும் வெற்றுப் பொம்மை), ஃபங்கோ பாப் மாதிரியானவை மென்மையான வினைல். உள்ளே கூடாக இருக்கும், பெருவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கும், ஹேர் டிரையர் காட்டினால் இளகும். லபுபு பொம்மைக்கு முகமும் கை கால்களும் வினைல், உடம்பு ரோமத்துணி, ஆகவே முகத்தை மட்டும் தீட்டுகிறவர்கள் ரோமத்தை முழுக்க மூடிக் கட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஏபிஎஸ் சொன்னபடி கேட்கும் பிள்ளை. வினைல்தான் குணம் காட்டும், ஏன் என்று மூன்றாவது படியில் சொல்கிறேன்.

முதல் பொம்மையாகப் புது வெள்ளைப் பொம்மை வாங்காதீர்கள். தீட்டுவதற்கென்றே விற்கும் நான்கு அங்குல வெற்றுப் பொம்மை 45 முதல் 90 வெள்ளி வரை போகிறது. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வாரக் கடைசியில் பழம்பொருள் சந்தை போடுகிறார்கள், தாமான் ஜெயா எல்ஆர்டியில் இறங்கி நடந்தால் போதும். அங்கே மூக்குடைந்த, பெட்டியில்லாத பொம்மைகளை 5 வெள்ளி, 10 வெள்ளிக்குப் பேரம் பேசி வாங்கலாம். இரண்டு வாங்குங்கள். ஒன்று கெடுப்பதற்கு.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கிடைக்கும் போலி லபுபு, அதான் லாஃபுஃபு, பழகுவதற்கு ஆகுமா என்று கேட்பீர்கள். நான் வாங்கிய இரண்டிலும் முகம் எண்ணெய் தடவியது போலப் பிசுபிசுத்தது, எத்தனை முறை கழுவினாலும் மறுநாள் அதே கதை. எனக்குப் பிடிக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து இணையச் சந்தை வழியாக வரவழைப்பவர்களுக்கு: 2024 ஜனவரி 1 முதல் 500 வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிப் பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பெரிய தளங்களில் பணம் கட்டும் பக்கத்திலேயே சேர்த்துவிடுவார்கள். வரி கட்டியது தெரியும் அந்த ரசீதைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கூரியர் ஆள் வாசலில் நின்று இன்னொரு தொகை கேட்டால் காட்டுவதற்கு வேறு ஆதாரம் இருக்காது. 500 வெள்ளியைத் தாண்டினால் கணக்கு வேறு, கூரியர்க்காரர்கள் கையாளும் கட்டணமும் சேரும், அதனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்கினால் மிச்சம் என்று நினைத்து அந்த வரம்பைத் தாண்டிவிடாதீர்கள். ஸ்பிரே டப்பாவை மட்டும் வெளிநாட்டிலிருந்து ஆர்டர் செய்யவே செய்யாதீர்கள். அழுத்த வாயு அடைத்த டப்பா, விமானத்தில் அபாயப் பொருள்.

2. கழற்றுங்கள், கழுவுங்கள், ஒரு நாள் சும்மா இருங்கள்

தலையைப் பிடித்துத் திருகி இழுக்கக் கூடாது. கழுத்துக்குள் இருக்கும் முளை கிழிந்தால் பொம்மை போச்சு. தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் ஆறவைத்து, கழுத்துப் பகுதி மூழ்கும்படி இரண்டு மூன்று நிமிடம் பிடியுங்கள். வினைல் வேகவைத்த மரவள்ளி மாதிரி இளகும். அப்போது துணியால் பிடித்து மெல்ல ஆட்டினால் 'பொப்' என்று தானே வரும். ஏபிஎஸ் பொம்மைக்கு இந்த வெந்நீர் வைத்தியம் வேண்டாம், அது மூட்டுக்கு மூட்டு வேறு வகையில் கழலும்.

பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான நீர், பழைய பல்துலக்கி. அச்சிலிருந்து பொம்மையைப் பிரிக்கப் பூசிய எண்ணெய்ப்பசை கண்ணுக்குத் தெரியாது, காது மடல், விரல் இடுக்கில் எல்லாம் ஒளிந்திருக்கும், அங்கேதான் பின்னால் பெயிண்ட் உரிந்து வரும்.

இப்போது ஒரு பொறி. உள்ளே கூடாக இருக்கும் பொம்மைக்குள் தண்ணீர் புகுந்துகொள்ளும். வெளியே துடைத்து உலர்ந்துவிட்டது என்று நினைத்து நான் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துக்கொண்டிருந்தபோது, கழுத்து ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு வழிந்து நெஞ்சு நடுவே கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. கவிழ்த்து வைத்து ஒரு முழு இரவும் பகலும் விடுங்கள். மின்விசிறிக்கு எதிரே வைத்தாலும் ஒரு நாள் ஒரு நாள்தான்.

3. பெயிண்ட் வாங்கும் இடத்தில்தான் எல்லாரும் கவிழ்கிறோம்

வினைல் என்பது பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளைய வைக்க மென்மையாக்கி என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். அது பிளாஸ்டிக்கோடு ஒட்டி உறைந்துவிடுவதில்லை, மெல்ல மெல்ல மேலே கசிந்துகொண்டே இருக்கும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், சைக்கிளுக்கும் இரும்புக் கதவுக்கும் அடிக்கிற எனாமல் ஸ்பிரே இருக்கிறதே, அதன்மேல் இந்த மென்மையாக்கி ஏறினால் பெயிண்ட் முழுக்க இறுகுவதே இல்லை. நாள் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நானும் வெயிலில் வைத்தேன், அரிசிப் பானைக்குள் வைத்தேன், அம்மாவிடம் திட்டு வாங்கினேன். அது காயாது. காத்திருந்து பயனில்லை, மேலே வார்னிஷ் அடித்தாலும் வார்னிஷும் சேர்ந்து ஒட்டும்.

மென்மையான வினைலுக்கு நீரில் கரையும் அக்ரிலிக் வாங்குங்கள். தூரிகையால் தீட்ட எனக்குப் பிடித்தது வயெஹோ நிறுவனத்தின் பெயிண்ட், சின்னக் குப்பி ஒன்று 12 முதல் 16 வெள்ளி. தமியா அக்ரிலிக் 10 மில்லி 8, 9 வெள்ளிக்குக் கிடைக்கிறது, ஆனால் அது ஆல்கஹால் கலந்தது, தூரிகையால் இரண்டாம் பூச்சு போடும்போது முதல் பூச்சைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தால் பெயிண்ட் தூவும் கருவி, வைத்திருப்பவர்களுக்குத் தமியா தங்கம். உங்களிடம் ஏர்பிரஷ் இல்லையென்றால் மலிவு என்று அதன் பக்கம் போகாதீர்கள்.

புக்கிட் பிந்தாங் சுங்கை வாங் பிளாசாவில் மாடல் பொம்மைக் கடைகள் இருக்கின்றன, இந்தக் குப்பிகள் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். தூரிகை, பென்சில் வகைக்கு ஓவியப் பொருள் கடை மேல். பங்சார் ஜாலான் தெலாவிப் பக்கம் போனால் கண்டுபிடித்துவிடலாம். முகமூடி நாடா, உப்புத்தாள், சின்னக் கிண்ணங்கள் எல்லாம் மிஸ்டர் டிஐஒய் போதும்.

என் இரண்டாவது பொம்மைக்கு ஆன கணக்கு: பழைய பொம்மை 8 வெள்ளி, வயெஹோ பிரைமர் 60 மில்லி 30, ஆறு வண்ணம் 84, இரண்டு தூரிகை 26, உப்புத்தாள் மூன்று வகை 6, மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் 28, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர் 18. சரியாக 200. அடுத்த நான்கு பொம்மைக்கும் அதே பெயிண்ட்தான் ஓடியது. ஏர்பிரஷும் கம்பிரசரும் 300 வெள்ளிக்குச் சிக்கும், முதல் ஐந்து பொம்மைக்கு அது வேண்டவே வேண்டாம். அந்தக் காசில் மூச்சுக் கவசம் வாங்குங்கள். துணி மாஸ்க் தூசியைக்கூட முழுசாகத் தடுக்காது, வாசனையை ஒன்றும் செய்யாது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய அரைமுகக் கவசம் 100 முதல் 130 வெள்ளி.

எந்தப் பெயிண்டாக இருந்தாலும், கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்தாலும், முதலில் உள்ளங்காலில் ஒரு தடவு தடவி மூன்று நாள் விட்டுப் பாருங்கள். நகத்தால் சுரண்டுங்கள், விரலால் அழுத்துங்கள். ஒட்டவில்லை என்றால் மேலே போகலாம்.

4. தேய்ப்பது

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 400, 800, 1200 என்று உப்புத்தாளை வரிசையாக, தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். காய்ந்தபடி தேய்த்தால் பிவிசி தூசி மூக்குக்குள் போகும், வீடு முழுக்கப் படியும். பளபளப்பு மங்கினால் போதும். அச்சுக் கோடுகளை மட்டும் கொஞ்சம் அதிகம் கவனியுங்கள். கழுத்து முளை, தோள் மூட்டு, தலை உட்காரும் விளிம்பு, இந்த இடங்களைத் தேய்த்து அரை மில்லிமீட்டர் அளவு இடம் விடுங்கள், அங்கே பெயிண்டும் போடாதீர்கள். பெயிண்டுக்கும் தடிமன் உண்டு. இடம் விடாமல் தீட்டிவிட்டுத் தலையைப் பொருத்தித் திருப்பினால் கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போல உரிந்து நிற்கும். தேய்த்து முடிந்ததும் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, அதன்பின் வெறும் கையால் தொடாதீர்கள். பழைய சாப்ஸ்டிக் நுனியில் புளூடேக் என்ற ஒட்டுக்களியை வைத்து ஒட்டிப் பிடித்துக்கொண்டால் கைப்பிடி ஆயிற்று.

5. பிரைமர்

தூரிகையால் போடுகிற அக்ரிலிக் பிரைமர், மூன்று மெல்லிய பூச்சு. முதல் பூச்சு திட்டுத்திட்டாக, பார்க்கவே அசிங்கமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். அழகாக்குகிறேன் என்று திரும்பத் திரும்பத் தடவினால் பாதி காய்ந்தது சுருண்டு கட்டி கட்டியாக எழும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மணி நேரம், மழை நாளில் இரண்டு. மூன்றும் முடிந்தபின் ஓர் இரவு விடுங்கள். அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கதைதான் இந்த இடத்தில் பலருக்கு நடக்கிறது.

6. வரைவதும் தீட்டுவதும்

சாதாரணப் பென்சிலால் வரையாதீர்கள், கரி மேலே வரும் மஞ்சளையும் வெள்ளையையும் அழுக்காக்கும். நீரில் கரையும் வண்ணப் பென்சில் நல்லது, ஈரத் தூரிகை பட்டால் மறைந்துவிடும். வட்டமான தலையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர, தாளைத் தலையைச் சுற்றி ஒட்டி, வெட்டி, மடித்து, ஒரு பாதி வரைந்து மறு பாதிக்குப் பெயர்த்துக்கொள்ளலாம்.

தூரிகை விஷயத்தில் கடைக்காரர்கள் மூன்று சுழி, ஐந்து சுழி போட்ட எறும்புக்கால் தூரிகையைத் தள்ளிவிடுவார்கள். நுண்ணிய வேலைக்கு நுண்ணிய தூரிகை என்று நமக்கும் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அதில் நிற்கும் பெயிண்ட் பொம்மைக்குப் போய்ச் சேரும் முன்பே நுனியில் காய்ந்துவிடும், அதுவும் நம்மூர்ச் சூட்டில் மின்விசிறியின் கீழே. நுனி கூர்மையாகச் சேரும் 2 எண் தூரிகை ஒன்று போதும்.

தட்டில் பெயிண்ட் காயாமல் இருக்க: மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, சாப்பாடு கட்டித் தரும் தாப்பாவ் டப்பாவே போதும், அடியில் நனைத்த சமையலறைத் துணி, அதன்மேல் கேக் சுடும் தாள். அந்தத் தாளின்மேல் பெயிண்டை வைத்துக் கலந்தால் மூடிவைத்து மறுநாளும் பயன்படுத்தலாம். மூன்றாம் நாள் பூஞ்சை வாடை வரும், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

காவடிப் பையனை இரண்டாம் முறை தீட்டியபோது மயிற்பீலிதான் என்னைச் சோதித்தது. தூரிகையால் ஒவ்வொரு கண்ணும் ஒவ்வோர் அளவில் வந்தது. பல்குத்தும் குச்சியின் நுனியை உப்புத்தாளில் உருட்டி மழுக்கி, முதலில் வெண்கல நிறத்தில் ஒரு பொட்டு, அது காய்ந்ததும் இன்னொரு குச்சியால் பச்சைநீலம், அதன் நடுவே ஊசிக் கொண்டையால் கருநீலம். நாற்பது கண்ணும் ஒரே அளவு. நெற்றி விபூதிக்கு நேர்மாறாகச் செய்தேன்: மூன்று பட்டை வெள்ளையை அகலமாகவே போட்டுவிட்டு, நடுவில் தோல் நிறத்தால் வெட்டி மெலிதாக்கினேன். மெல்லிய கோட்டைப் போடுவதைவிடத் தடித்த கோட்டைச் செதுக்குவது சுலபம். வேட்டி மஞ்சளும் தொல்லை கொடுத்தது. மஞ்சள், சிவப்பு இரண்டும் சாம்பல் பிரைமரை மறைக்காது, ஆறு பூச்சு போட்டாலும் அழுக்கு மஞ்சள்தான். அடியில் வெள்ளை ஒரு பூச்சு, சிவப்புக்கு இளஞ்சிவப்பு ஒரு பூச்சு போட்டுவிட்டால் இரண்டே பூச்சில் எழும்பி நிற்கும். என்ன வண்ணம் சேர்ப்பது என்று குழம்புகிறவர்கள் பத்துமலைக்குப் போய்ப் படியடியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். 2018இல் அந்த 272 படிக்கும் வண்ணம் அடித்தார்கள், எது எதோடு சேர்கிறது, எது கண்ணைக் குத்துகிறது என்பது இரண்டும் அங்கேயே தெரியும்.

போஸ்கா என்ற பெயிண்ட் பேனா கையில் நன்றாக ஓடும், எழுத்துக்கும் கோலத்துக்கும் நானும் அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் அதன்மேல் தூரிகையால் வார்னிஷ் தடவினால் கோடு கரைந்து இழுபடும். அங்கே ஸ்பிரே வார்னிஷ்தான், அதுவும் தூரத்திலிருந்து தூவினாற்போல.

7. மேல்பூச்சு: கடிகாரம் பாருங்கள், வானம் பாருங்கள், துணிக்கொடியும் பாருங்கள்

15 வெள்ளிக்கு ஈரப்பதமானி ஒன்று கிடைக்கும், வாங்கிவிடுங்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது ஸ்பிரே அடித்தால் மேட் பூச்சு வெண்பனி படர்ந்தது போல வெளுத்துவிடும், கறுப்பெல்லாம் சாம்பல் ஆகிவிடும். காலையில் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று ஏழு மணிக்கு அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதுதான் ஈரம் உச்சத்தில் இருக்கும் நேரம். எனக்குச் சரிப்பட்டது பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை, மானி 70 விழுக்காட்டுக்குக் கீழே காட்டும்போது. மேகம் கூடினால் மூடிவைத்துவிடுங்கள், அந்த ஞாயிறு போனால் அடுத்த ஞாயிறு.

இன்னொன்று, பிளாட்டில் இருப்பவர்களுக்கு. ஸ்பிரேத் துகள் பால்கனிக்கு வெளியே போகும். நான் சிவப்பு அடித்த அன்று கீழ்மாடி ஆச்சி வெள்ளை வேட்டிகள் காயப்போட்டிருந்தார். "ஏம்பா, மேலே ஹோலியா கொண்டாடுறீங்க?" என்று லிஃப்டில் வைத்துக் கேட்டார். இரண்டு வேட்டி வாங்கிக் கொடுத்தேன், 70 வெள்ளி, அது மேலே சொன்ன கணக்கில் சேரவில்லை. பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அதற்குள் அடியுங்கள். கூட்டு வசிப்பிடங்களில் நிர்வாகத்தின் வீட்டு விதிகள் என்று ஒரு காகிதம் தருவார்கள், அதில் பால்கனியில் ஸ்பிரே, தின்னர் பற்றி வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது அபராதத்தைவிட மலிவு. தூரிகை கழுவிய தின்னரைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றாதீர்கள். பழைய துணியில் ஊறவைத்து, திறந்த இடத்தில் ஆவியாகவிட்டு, காய்ந்ததும் குப்பையில் போடுங்கள்.

பூச்சு ஒரு நாளில் காயும், ஆனால் இறுக ஒரு வாரம். அந்த ஒரு வாரம் யார் கேட்டாலும் கையில் கொடுக்காதீர்கள். ஆக மொத்தம் கழுவுவதிலிருந்து கையில் எடுப்பது வரை, வேலைக்குப் போய்க்கொண்டு செய்தால் மூன்று வாரம். தீபாவளிக்குக் கொடுப்பதென்றால் ஒரு மாதத்துக்கு முன்னாடியே பொம்மையைக் கழுவியிருக்க வேண்டும்.

8. யாராவது காசு கொடுத்துக் கேட்டால்

நண்பர் ஒருவருக்குச் செய்து கொடுத்து பெயிண்ட் காசு வாங்கினால் அது வேறு. தொடர்ந்து விற்க ஆரம்பித்துவிட்டால் 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில், அதான் எஸ்எஸ்எம்மில், வணிகத்தைப் பதிய வேண்டும். மைகார்டு வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஈஸிபிஸ் தளத்தில் இணையவழியே முடித்துவிடலாம். மைகார்டில் உள்ள உங்கள் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. முதல் வருடம் சொந்தப் பெயரில் போவதே புத்திசாலித்தனம் என்பேன். பெயர் யோசித்தே இரண்டு மாதம் கடத்தியவன் நான். பொம்மைச் சந்தையில் மேசை எடுக்கப் போனபோது ஏற்பாட்டாளர் முதலில் கேட்டது அந்தப் பதிவுச் சான்றிதழின் நகலைத்தான், கடைசி நேரத்தில் அலைந்தேன்.

அடுத்தவர் உருவாக்கிய புகழ்பெற்ற பாத்திரத்தைத் தீட்டி விற்பது பதிப்புரிமைச் சிக்கல். வீட்டு அலமாரியில் வைக்க எதை வேண்டுமானாலும் தீட்டுங்கள், விற்பனைக்கு உங்கள் சொந்த உருவமாக இருக்கட்டும்.

அனுப்பும்போது காற்றுக்குமிழ் உறையை நேராகப் பொம்மைமேல் சுற்றாதீர்கள். பெயிண்டில் குமிழ் குமிழாக அச்சு விழும், ஈப்போவுக்கு அனுப்பியது ஒன்று அம்மை போட்ட பிள்ளை மாதிரி போய்ச் சேர்ந்தது. முதலில் கேக் சுடும் தாள், பிறகு மெல்லிய துணி, அதன்மேல் குமிழ் உறை. நேரில் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடித்துத் திரும்புவதற்குள் என் காவடிப் பையன் கணுக்கால் இளகி, டேஷ்போர்டில் சாய்ந்து கிடந்தான். வெந்நீரில் கணுக்காலை மட்டும் முக்கி நேராக்கி, அப்படியே குளிர்ந்த நீரில் அரை நிமிடம் பிடித்தால் நிமிர்ந்துவிடும்.